பொருந்தாத அட்டைகள்

உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் ஒரு பிள்ளையிடம் டி.என்.ஏ பற்றிக் கேட்டுப் பாருங்கள். இரட்டைச் சுருள், ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் ஓடும் எதிர்ச்சமாந்தர இழைகள், அடெனினுக்கு எதிரே தைமின், குவானினுக்கு எதிரே சைற்றோசின் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். ஓர் இழையின் இரு முனைகளுக்கும் 5′, 3′ என்று பெயர். அப்புறம் ஒரு சின்ன இழையை 5′ முனையிலிருந்து 3′ முனை வரை எழுதிக் கொடுத்து, அதன் எதிர் இழையையும் 5′ முனையிலிருந்து எழுதச் சொல்லுங்கள். எழுத்துகளைச் சரியாகத்தான் போடும், ஆனால் திசையைத் திருப்பாது. மனப்பாடமாகத் தெரிந்த அதே எதிர்ச்சமாந்தரம் பேனை பிடிக்கும்போது காணாமல் போய்விடுகிறது.

மட்டக்களப்பில் உயிரியல் கற்பிக்கிறேன். எங்கள் பாடத்திட்டத்தில் மூலக்கூற்று உயிரியலும், டி.என்.ஏயை வெட்டி ஒட்டும் மீள்சேர்க்கை டி.என்.ஏ தொழில்நுட்பமும் சேர்ந்து ஒரு அலகு. மற்ற அலகுகளில் ஏதோ ஒன்றைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிடலாம். பூவைப் பிரித்துப் பார்க்கலாம், வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில் வைக்கலாம். இந்த அலகில் அதற்கு வழியில்லை. அதனால் கரும்பலகையும் ரியூட் என்ற அச்சுக் குறிப்பும் மட்டுமே இருக்கும் பாடமாக இது ஆகிவிட்டது. பிள்ளைகள் படத்தைப் பார்த்து வரைகிறார்கள், வரைந்ததைத் திரும்ப வரைகிறார்கள், சோதனையில் இன்னொரு முறை வரைகிறார்கள். படத்தில் எதையும் எதோடும் ஒட்டலாம், தாள் தடுக்காது. பொருள் என்றால் பொருந்தாதது பொருந்தாமலே நிற்கும். அந்த மறுப்புக்காகத்தான் இந்த அலகை அட்டையும் கயிறும் கம்பியும் வைத்துக் கற்பிக்கிறேன்.

இந்தத் துறை பிறந்ததே இப்படித்தான். 1953 பெப்ரவரியில் கேம்பிரிட்ஜில் டி.என்.ஏயின் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்த வாட்சனும் கிரிக்கும் மாதிரி கட்டக் கேட்டிருந்த உலோகத் தகடுகள் பட்டறையிலிருந்து வரத் தாமதமானது. வாட்சன் காத்திருக்காமல் அடெனின், தைமின், குவானின், சைற்றோசின் என்ற நான்கு மூலங்களின் வடிவத்தையும் அட்டையில் வெட்டினார். முதலில் ஒரே வகை மூலங்களையே எதிரெதிரே வைத்துப் பார்த்தார். அவர்களுடைய அறையிலேயே இருந்த ஜெரி டொனகியு என்ற இரசாயனவியலாளர், பாடநூல்களில் இருக்கும் குவானின், தைமின் வடிவங்கள் பிழை, ஐதரசன் அணு வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்று சொன்னார். அட்டையைத் திருத்தி மேசையில் நகர்த்தியபோது அடெனின் தைமின் சோடியும் குவானின் சைற்றோசின் சோடியும் ஒரே அகலத்தில், ஒரே வடிவத்தில் வந்து நின்றன. சமன்பாடு எழுதி அல்ல, அட்டையை நகர்த்தித்தான் அந்தப் பொருத்தம் அகப்பட்டது.

ஆனால் மாதிரி மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. அதே இருவரும் 1951 இல் ஒரு மாதிரி செய்தார்கள். மூன்று இழைகள், இழையைக் கோக்கும் பொசுபேற்றுகள் உள்ளே. இலண்டனிலிருந்து வந்து பார்த்த றொசலின்ட் பிராங்ளினுக்கு அது நிற்காது என்று உடனே தெரிந்தது, ஏனென்றால் டி.என்.ஏ எவ்வளவு நீரைப் பிடிக்கும் என்பதை அளந்து வைத்திருந்தவர் அவர். பொசுபேற்றுகள் நீரை நோக்கி வெளியே இருந்தாக வேண்டும். 1952 இல் அவருடைய மேற்பார்வையில் மாணவர் றேமண்ட் கொஸ்லிங் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் இல்லாமல் அந்த அட்டைகள் எங்கேயும் போயிருக்காது. அந்தப் படம் பிராங்ளினுக்குத் தெரியாமலே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1958 இல், 37 வயதில், அவர் இறந்துபோனார். வாட்சனுக்கும் கிரிக்குக்கும் நோபல் பரிசு 1962 இல்தான் வந்தது. இதை வகுப்பில் நான் ஒருபோதும் தாண்டிப் போவதில்லை. அளவு தெரிந்தவரும் அட்டை வெட்டுபவரும் ஒரே மேசையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கதை கிடையாது.

எங்களுக்குக் கிட்டிய கதை ஒன்றும் உண்டு. கொலாஜன் புரதத்தின் மூன்றிழைச் சுருளை 1954 இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்களும் எக்ஸ்-கதிர் அளவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாதிரி கட்டிப் பார்த்தவர்கள்தான். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், எங்கள் எழுத்தைப் படிக்கிற ஊரில் நடந்த வேலை என்று சொல்லும்போது பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, அட்டைக்கு வருவோம். கடையில் விற்கும் டி.என்.ஏ மாதிரிகளில் நான்கு நிறத் துண்டுகள் இருக்கும், எந்தத் துண்டும் எதனோடும் பொருந்தும். நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். அதனால் நாங்களே வெட்டுகிறோம். பிரிஸ்டல் போர்டும் பழைய பெட்டி அட்டையும் போதும். 2022 இல் நாடு முழுக்கத் தாள் தட்டுப்பாடு வந்தபோதும் பெட்டி அட்டைக்குக் குறைவிருக்கவில்லை. பியூரின்களான அடெனினும் குவானினும் நீளத் துண்டு, பிரிமிடீன்களான தைமினும் சைற்றோசினும் குட்டைத் துண்டு. சோடியைச் சேர்த்துவைக்கும் ஐதரசன் பிணைப்புக்காக, ஐதரசனைக் கொடுக்கும் இடத்தில் ஒரு முனைப்பு, வாங்கும் இடத்தில் ஒரு வெட்டு. குவானினில் மேலிருந்து வெட்டு, முனைப்பு, முனைப்பு. சைற்றோசினில் முனைப்பு, வெட்டு, வெட்டு. அடெனினில் முனைப்பு, வெட்டு, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. தைமினில் வெட்டு, முனைப்பு, வெட்டு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஐங்கோண வெல்லம், அதாவது டி.என்.ஏயின் சர்க்கரைப் பகுதி, இருக்கும். வெல்லத்தின் 5′ பக்கத்தில் பொசுபேற்றுக்கு ஒரு வளையம், 3′ பக்கத்தில் கட்டுக்கம்பியால் ஒரு கொளுக்கி. விதி ஒன்றுதான், எழுதிய பக்கம் மேலே இருக்க வேண்டும்.

நான் வேறெதுவும் சொல்லித் தருவதில்லை. துண்டுகளைக் குவித்துக் கொடுத்து, இரண்டு இழை கட்டச் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்பேன்.

முதலில் எல்லாரும் இரண்டு இழைகளையும் ஒரே திசையில் வைப்பார்கள். முனைப்பும் வெட்டும் இடம் மாறி நிற்கும். அட்டையைக் கவிழ்த்தால் சரிவரும், ஆனால் எழுதிய பக்கம் கீழே போய்விடும். கொஞ்ச நேரம் பேச்சு, இழுபறி. அப்புறம் யாராவது ஒருவர் ஒரு துண்டை மேசைமேலேயே தலைகீழாகச் சுழற்றி வைப்பார். சட்டென்று பொருந்தும். உடனே அடுத்த பிள்ளை, "அப்ப இந்தப் பக்கம் கொளுக்கி கீழ பார்க்குதே" என்று கேட்கும். நான் காத்திருப்பது அந்தக் கேள்விக்குத்தான். எதிர்ச்சமாந்தரத்தை நான் சொல்லித்தர வேண்டிய தேவை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இரண்டு பியூரின்களை எதிரெதிரே வைத்தால் அகலம் கூடி இழை புடைக்கும். இரண்டு பிரிமிடீன்களை வைத்தால் நடுவில் இடைவெளி. அடெனினையும் சைற்றோசினையும் வைத்தால் அகலம் சரியாக வரும், ஆனால் முனைப்போடு முனைப்பு முட்டும். இதுவரை எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். குவானினையும் தைமினையும் வைத்து மல்லுக்கட்டும் பிள்ளைகள்தான் என்னை மகிழ்விப்பவர்கள். நேராக வைத்தால் பொருந்தாது. "ரீச்சர், கொஞ்சம் இறக்கி வச்சாப் பொருந்துதே" என்று படுவான்கரையிலிருந்து வரும் ஒரு மகன் சொன்னார். ஒரு படி நகர்த்தினால் இரண்டு இடங்களில் முனைப்பும் வெட்டும் சேர்ந்துவிடும், வெல்லம் மட்டும் வரிசையை விட்டு விலகி நிற்கும். அவர் கள்ளவழி கண்டுபிடித்துவிட்டதாக வகுப்பே சிரித்தது. அது கள்ளவழியே இல்லை. உயிர்க்கலத்திலும் அந்தச் சோடி உண்டு. டி.என்.ஏயின் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏயில் தைமினுக்குப் பதிலாக யுராசில், விளிம்பில் அதே வெட்டும் முனைப்பும். ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூவெழுத்துச் சொல்லான கோடோனின் மூன்றாம் எழுத்தில் குவானினும் யுராசிலும் இப்படி நழுவிச் சேர்வதால்தான், அந்த அமிலத்தைக் கொண்டுவரும் ஒரே இடமாற்று ஆர்.என்.ஏ ஒன்றுக்கு மேற்பட்ட கோடோன்களை வாசிக்க முடிகிறது. கிரிக் இதை 1966 இல் ஒரு கருதுகோளாக எழுதினார். பாடநூலில் ஒரு வரியில் வந்து போகும் சங்கதி இது. அந்தப் பிள்ளை அதைத் தன் விரலால் கண்டுபிடித்துவிட்டுத்தான் அந்த வரிக்கு வந்தார்.

குவானின் சைற்றோசின் சோடிக்கு மூன்று ஐதரசன் பிணைப்புகள் என்று இன்று எல்லாரும் சொல்கிறோம். 1953 இல் வாட்சனும் கிரிக்கும் இரண்டுதான் வரைந்தார்கள். மூன்றாவதை இரசாயனவியலாளர்களான போலிங்கும் கோரியும் 1956 இல் சேர்த்தார்கள். பெரிய மாதிரிகளும் திருத்தப்பட்டவைதான் என்று பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

ஏணி கட்டி முடிந்ததும் அதைச் சுருளாக்க வேண்டும். இங்கே அளவு பிடித்துத்தான் செய்கிறோம். 1 நனோமீற்றருக்கு 10 சென்ரிமீற்றர். சுருளின் விட்டம் 20 சென்ரிமீற்றர் வரும். ஒரு சோடிக்கும் அடுத்த சோடிக்கும் இடையில் 3.4 சென்ரிமீற்றர். நடுவில் ஒரு கம்பி, அதில் சோடி அட்டைகளைக் கோத்து, இடையிடையே பி.வி.சி குழாய்த் துண்டுகளைப் போட்டால் தூரம் தானாகவே சரியாகிவிடும். கீழிருந்து மேலே போகப் போக ஒவ்வொரு அட்டையையும், மேலிருந்து பார்க்கும்போது, கடிகார முள்ளுக்கு எதிராக 36 பாகை திருப்ப வேண்டும். பத்து அட்டையில் ஒரு சுற்று. உண்மையில் கரைசலில் ஏறக்குறைய பத்தரை வரும், அட்டைக்குப் பத்து போதும். இரண்டு வெல்லங்களும் நேர் எதிரெதிரே இல்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்படி வெட்டினால், சுருளின் வெளியே அகலமான பள்ளமும் ஒடுக்கமான பள்ளமும் தாமாகவே தோன்றும். ஏணியை முறுக்கியதுபோல் செய்யும் கண்காட்சி மாதிரிகளில் இரண்டு பள்ளமும் சமமாகத்தான் இருக்கும். புரதங்கள் பெரும்பாலும் அந்த அகலமான பள்ளத்தில் விரலை விட்டுத்தான் எழுத்துகளைத் தடவி வாசிக்கின்றன. சமமாகக் காட்டினால் அந்தக் கதைக்கு இடமே இருக்காது.

முறுக்கின் திசையையும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நாங்கள் கட்டுவது வலது கைச் சுருள். இடது கைச் சுருளாக வரைந்த டி.என்.ஏக்களைச் சஞ்சிகை அட்டைகளிலும் விளம்பரப் பலகைகளிலும் தாராளமாகக் காணலாம். மருதமுனையில் கைத்தறிக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மகளுக்கு மட்டும் இதை விளக்க வேண்டி வரவில்லை. நூல் எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பக்கத்துக் குழு கட்டிய சுருள் மாறி நிற்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. அந்தக் குழு முழுவதையும் பிரித்து மறுபடி கோத்தது.

கணக்கும் ஒன்று போடச் சொல்வேன். இதே அளவில் ஒரு மனிதக் கலத்திலுள்ள டி.என்.ஏ முழுவதையும் கட்டினால் எவ்வளவு நீளம்? ஏறக்குறைய 2 மீற்றர் டி.என்.ஏ, பத்துக் கோடி மடங்கு. இரண்டு இலட்சம் கிலோமீற்றர், பூமியை ஐந்து முறை சுற்றலாம். சரி, அதை வைக்கும் கருவின் அளவு? 6 மைக்கிரோமீற்றர் விட்டமென்று எடுத்தால் 600 மீற்றர். எங்கள் ஊர்க் கல்லடிப் பாலத்தின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு அகலமான ஓர் உருண்டைக்குள், பூமியை ஐந்து முறை சுற்றும் நீளத்தை, சிக்கு விழாமல் சுருட்டி வைக்க வேண்டும். டி.என்.ஏயைச் சுற்றி வைக்கும் கிசுட்டோன் புரதங்கள் எதற்கு என்று அதன் பிறகு யாரும் கேட்பதில்லை.

டி.என்.ஏ பிரிந்து இரண்டு பிரதியாகும் இரட்டிப்படைதலுக்கு எங்கள் மாதிரி கயிறுதான், மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கிய நைலோன் கயிறு இரண்டு நிறத்தில். இரண்டையும் ஒன்றையொன்று இறுக்கமாக முறுக்கி, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவோம். மற்ற முனையில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு கயிறாகப் பிடித்துப் பிரித்து இழுக்க வேண்டும். கொஞ்சத் தூரம் சுகமாகப் பிரியும். பிறகு முன்னால் முறுக்கு ஏறி ஏறி, கயிறு தன்னைத் தானே சுற்றிக்கொண்டு முண்டு கட்டும், எவ்வளவு இழுத்தாலும் நகராது. ஈ. கோலை பற்றீரியாவில், இழைகள் பிரியும் ஒவ்வொரு கவையிலும் விநாடிக்கு ஏறக்குறைய ஆயிரம் நியூக்கிளியோரைட்டுகள், அதாவது ஆயிரம் எழுத்துகள் என்ற வேகத்தில் இது நடக்கிறது. அப்படியென்றால் விநாடிக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுற்றுகள் பிரிய வேண்டும். அந்த முறுக்கு எல்லாம் எங்கே போகும்? பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள்: "ஒரு கயிற்ற வெட்டிவிட்டுச் சுத்தவிட்டு மறுகா ஒட்டினாச் சரி." தொப்போஐசோமரேசு நொதியங்கள் செய்யும் வேலை அதுதான், சில ஒரு இழையை வெட்டும், சில இரண்டையும். ஆசுப்பத்திரியில் கொடுக்கும் சிப்ரோபுளோக்சசின் குளிசை பற்றீரியாவில் இரண்டையும் வெட்டும் அந்த வகையைத்தான் மடக்குகிறது என்று சொன்னால், வீட்டில் யாராவது அதைக் குடித்த ஞாபகம் எப்படியும் ஒரு பிள்ளைக்கு இருக்கும். ஜன்னலில் கட்டிய கயிறு அப்படியே மருந்துப் பெட்டி வரை போய்விடுகிறது.

இங்கே சிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உடுப்புச் சிப்பைத் திறந்து காட்டி டி.என்.ஏ இப்படித்தான் பிரியும் என்று சொல்வது எங்கும் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. சிப்பில் முறுக்கு இல்லை, எனவே மேலே சொன்ன சிக்கல் முழுவதும் மறைந்துவிடும். பற்கள் எல்லாம் ஒரே மாதிரி, எழுத்து கிடையாது. எளிதாகத் திறந்து எளிதாக மூடுவதால், கலத்துக்கு இதில் கஷ்டமே இல்லை என்ற எண்ணத்தைப் பிள்ளையின் மனதில் விதைத்துவிடும்.

கவைக்கு எதிர்த் திசையில் கட்டப்படும் பின்தங்கும் இழைக்குத் திரும்பவும் அட்டைக்கு வருகிறோம். புதுத் துண்டைக் கொளுக்கியுள்ள 3′ முனையில் மட்டுமே கோக்கலாம். ஒரு பிள்ளை கவை திறக்கத் திறக்கப் பின்தொடர்ந்து கோத்துக்கொண்டே போகும். எதிர்ப்பக்கத்துப் பிள்ளை கவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் கோக்க முடியும், கொஞ்சம் கோத்ததும் பின்னால் புதிய இடம் திறந்திருக்கும், ஓடிவந்து மறுபடி தொடங்க வேண்டும். துண்டு துண்டாகத்தான் வரும். ஒகசாகித் துண்டுகள் என்ற பெயரை அப்போது சொன்னால் போதும். றெய்ஜி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி என்ற கணவனும் மனைவியும் 1960களின் பிற்பகுதியில் கண்டது அது.

டி.என்.ஏயிலிருந்து ஆர்.என்.ஏ எடுக்கும் பிரதியெடுத்தலையும் அதிலிருந்து புரதம் கட்டும் மொழிபெயர்ப்பையும், புரதம் கட்டப்படும் இடமான இறைபோசோமைத் தரையில் சோக்கால் வரைந்து, பிள்ளைகளையே இடமாற்று ஆர்.என்.ஏயாக நிறுத்திச் செய்கிறோம், பலரும் செய்வதுதான். நான் சேர்ப்பது மணிச்சரம் மட்டும். சரத்தை மூன்று மூன்றாக வாசித்துக்கொண்டே வரும்போது ஒரு மணியை உருவி எடுத்தால் அங்கிருந்து எல்லாச் சொற்களும் கலைந்துவிடும். ஒரு மணியை மாற்றிப் போட்டால் ஒரு சொல் மட்டும் மாறும். சில நேரம் அந்த ஒன்றே போதும். ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியில் ஆறாவது இடத்துக் கோடோனில் நடு எழுத்து மாறிக் குளுத்தாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்துக்கு வலீன் என்ற இன்னொன்று வந்தால் அரிவாட்கலச் சோகை என்ற குருதி நோய்.

வலீன் வந்தால் என்ன என்று அடுத்து வரும் கேள்விக்குக் கம்பிதான் பதில் சொல்லும். வளைத்தால் வளைந்தபடி நிற்கும் கம்பியை மெல்லிய இறப்பர்க் குழாய்க்குள் செலுத்தி, அமினோ அமிலங்களுக்காகக் குழாயில் நிறக் குண்டூசிகளைக் குத்துகிறோம். மஞ்சள் வலீனைப்போல நீரை வெறுப்பது, வெள்ளை நீரை விரும்புவது, சிவப்பும் நீலமும் எதிரெதிர் ஏற்றம், பச்சை சிசுத்தெயின். அமெரிக்காவில் இதற்கென்றே செய்து விற்கும் பெட்டிகள் உண்டு, இங்கே ஹார்ட்வெயார் கடைச் சாமானிலேயே வேலை முடிந்துவிடும். மஞ்சள் எல்லாம் உள்ளே போக வேண்டும், சிவப்புக்கு நீலம் பக்கத்தில் வர வேண்டும், பச்சைகள் சோடி சேர வேண்டும் என்று சொன்னால், ஒரே வரிசையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு வடிவத்தை மடித்துக்கொண்டு வரும். அப்போதுதான் கேட்பேன், கலத்தில் மட்டும் எப்படி எப்போதும் ஒரே வடிவம் வருகிறது? அன்பின்சன் என்ற ஆய்வாளர் ரைபோநியூக்கிளியேசு என்ற நொதியத்தை விரித்துவிட்டு, மறுபடி தானாக மடியவிட்டுப் பார்த்த கதை அங்கிருந்து தொடங்கும். 124 அமினோ அமிலங்கள், எட்டுச் சிசுத்தெயின்கள். அவை சோடி சேர 105 வழிகள் உண்டு. புரதம் அதில் ஒன்றையே தேர்ந்தெடுக்கிறது. பிள்ளைகள் எட்டுப் பச்சை ஊசிகளை எடுத்து வைத்து அந்த 105 ஐத் தாங்களே எண்ணிப் பார்க்கத் தொடங்கியபோது, பாடவேளை முடிந்த மணியடித்ததை நான் பொருட்படுத்தவில்லை.

மீள்சேர்க்கைக்குத் தாள் நாடாவும் கத்தரிக்கோலும் போதும். டி.என்.ஏயைக் குறித்த இடத்தில் வெட்டும் ஈகோ-ஆர்-1 என்ற நொதியம் வெட்டும் இடம், மூலங்களின் முதலெழுத்தில் சொன்னால், ஜி-ஏ-ஏ-ரீ-ரீ-சி. இரு பக்கமும் ஒன்றுபோல வாசிக்கும் இடம் என்று படித்த பிள்ளைகள் அதே இழையைப் பின்னாலிருந்து வாசித்துப் பார்த்துக் குழம்புவார்கள், சி-ரீ-ரீ-ஏ-ஏ-ஜி என்றுதானே வருகிறது. இரண்டு இழையையும் எழுதிய நாடாவை மேசையில் அரைவட்டம் சுழற்றிவிட்டால் போதும். மேலே இருந்ததும் கீழே இருந்ததும் இடம் மாறியும் வாசிப்பு மாறாது. அதனால்தான் நொதியம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதே வெட்டு, எந்த வெட்டு முனையும் எந்த வெட்டு முனையோடும் ஒட்டும்.

மாதிரிகள் பொய்யும் சொல்லும். அதைப் பிள்ளைகளே எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒவ்வொரு மாதிரிக்கும் பின்னால் "இது எதை மறைக்கிறது?" என்று ஒரு பக்கம். எழுதுகிறார்கள்: நீர் இல்லை, உண்மையில் சுற்றிவர எல்லாம் நீர்தான். எல்லாம் அசையாமல் நிற்கிறது. தரையில் வரைந்த இறைபோசோமுக்கு இடமாற்று ஆர்.என்.ஏ வழி தெரிந்து நடந்து வருகிறது, கலத்தில் யாரும் வழி தெரிந்து வருவதில்லை, மோதி மோதிப் பொருந்தியது மட்டும் தங்குகிறது. இந்தக் கடைசி வரியை ஒரு பிள்ளை எழுதிவிட்டால் எனக்கு அந்தத் தவணை முழுவதும் போதும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். பாடத்திட்டம் பெரிது, பல்தேர்வு வினாக்கள் ஐம்பதும் கட்டுரைகளும் காத்திருக்கின்றன, பின்னேரம் ரியூசன் வேறு. நான் எல்லாவற்றையும் மாதிரியில் செய்வதில்லை. சொற்களைப் படித்தால் போதுமான இடங்களை வேகமாக முடித்துவிடுகிறேன். திசை, முறுக்கு, மூன்று மூன்றாக வாசிக்கும் வாசிப்புச் சட்டகம் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கிறேன். அந்த மூன்றிலும் விளங்காமல் போனதைப் பிறகு எத்தனை ரியூட் கொடுத்தும் மீட்க முடிவதில்லை. கைப்பேசியில் அழகான அசைவூட்டங்கள் இருக்கின்றனவே என்பார்கள். நானும் காட்டுகிறேன், கையால் கட்டி முடித்த பிறகு. முதலிலேயே காட்டினால் எல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

கண்காட்சிக்கென்று ரெஜிபோமில் செய்து, வண்ணம் பூசி, "தொடாதீர்கள்" என்று எழுதி வைக்கும் மாதிரிகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும். அதைச் செய்த இரண்டு மூன்று பிள்ளைகள் நிச்சயம் ஏதோ கற்றிருப்பார்கள். மற்ற நூறு பேருக்கும் அது இன்னொரு படம்தான். எங்கள் அட்டைகள் அழுக்கேறி, முனை மடிந்து, ஒட்டுப்போட்டுத்தான் இருக்கும்.

அடுத்த தவணைக்கு ஒரு வைரசு செய்ய வேண்டும். அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் ஆர்தர் ஒல்சன் ஒரு போலியோ வைரசு உறையைச் செய்திருக்கிறார். பன்னிரண்டு ஐங்கோணத் துண்டுகள், ஓரங்களில் காந்தங்கள், எல்லாவற்றையும் ஒரு போத்தலில் போட்டுக் குலுக்கினால் தாமாகவே சேர்ந்து ஓர் உருண்டையாகிவிடும். கலத்தில் யாரும் வழிகாட்டாமல் எப்படிப் பொருந்துகிறது என்பதைக் காட்ட இதைவிடச் சிறந்த மாதிரியை நான் அறியவில்லை. அவர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்தார். எங்களிடம் அது இல்லை, தடித்த பிளாஸ்ரிக் மூடிகளை வெட்டிப் பார்க்கலாம். எந்த ஓரமும் எந்த ஓரத்தோடும் சேர வேண்டுமானால் ஒவ்வோர் ஓரத்திலும் வடமுனை ஒன்றும் தென்முனை ஒன்றுமாக இரண்டு காந்தங்கள் வேண்டும். பன்னிரண்டு துண்டு, ஐந்து ஓரம், இரண்டு காந்தம், மொத்தம் 120. பழுதான இயர்போன்களுக்குள் இருக்கும் குட்டிக் காந்தங்களைப் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு கேட்டுச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவை எல்லாம் ஒரே அளவில் இருக்காது, எவ்வளவு வித்தியாசத்தைப் போத்தல் பொறுத்துக்கொள்ளும் என்பதைக் குலுக்கித்தான் பார்க்க வேண்டும்.